தங்கமீன் தொட்டி: அளவு தெரிந்து வாங்குவோம், அளவு சொல்லி விற்போம்

நமது சங்க உறுப்பினர்கள் பலரின் கடைகளில் கல்லாப்பெட்டிக்கு அருகே ஒரு மீன் தொட்டி இருப்பதைக் காணலாம். ஜவுளிக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை என்ற பேதமில்லை. வருகிற வாடிக்கையாளரின் குழந்தை அழாமல் நிற்கும் இடம் அதுதான். இன்னும் சில உறுப்பினர்கள் வண்ண மீன்களையும் தொட்டிகளையும் விற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். சென்னையில் கொளத்தூர் இந்த வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற இடம். இப்படி வாங்கும் தரப்பிலும் விற்கும் தரப்பிலும் வணிகர்களே இருப்பதால், இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது இருவருக்கும் பயன்படும்.

அடிக்கடி நடப்பது இது. ஒரு தகப்பனார் குழந்தையோடு வருகிறார். உருண்டைக் கண்ணாடிக் குடுவை ஒன்று, இரண்டு தங்கமீன், ஒரு டப்பா தீவனம் வாங்கிச் செல்கிறார். ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ ஒரு மீன் மிதக்கிறது. மறுநாள் அடுத்தது. குழந்தை அழுகிறது. வீட்டுப் பெரியவர்கள், "நமக்கு வர இருந்த கஷ்டத்தை மீன் எடுத்துக்கொண்டு போய்விட்டது" என்று ஆறுதல் சொல்கிறார்கள். வேறு சிலர் "நமக்கு மீன் ராசியில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டில் எது ஆனாலும், அந்தக் குடுவை பரணுக்குப் போகிறது. அந்த வாடிக்கையாளர் திரும்ப வருவதில்லை.

உண்மையில் மீன் எந்தக் கஷ்டத்தையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் செத்திருக்கிறது. தங்கமீனின் சாவுக்கு நோயைக் காட்டிலும் தண்ணீரின் அளவு குறைவாக இருப்பதே பல நேரங்களில் மூல காரணம். இதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

குடுவையின் கணக்கு

தங்கமீன் சாப்பிடும் தீவனத்தில் உள்ள புரதம் உடலில் செரித்த பின், அதன் கழிவு அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. 40 சதவீதம் புரதம் உள்ள தீவனம் 1 கிராம் போட்டால், அதிலிருந்து ஏறக்குறைய 35 மில்லிகிராம் அம்மோனியா தண்ணீரில் சேரும். இரண்டு அங்குல மீன்கள் இரண்டுக்கு ஒரு நாளைக்கு 0.2 கிராம் தீவனம் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு சின்னச் சிட்டிகைதான். அதிலிருந்து வரும் கழிவு 7 மில்லிகிராம்.

பத்து அங்குல விட்டமுள்ள உருண்டைக் குடுவையை விளிம்பு வரை நிரப்பினாலும் 8 லிட்டருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். 7 மில்லிகிராமை 8 லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 0.9 மில்லிகிராம். இது ஒரே நாளின் பாக்கி. மறுநாள் இன்னொரு 0.9 சேரும். மூன்றாம் நாள் இன்னொன்று. வடிகட்டி இல்லாத குடுவையில் இந்தப் பாக்கியைத் தீர்க்க ஆளில்லை. அதே இரண்டு மீனை 140 லிட்டர் தண்ணீரில் விட்டால், ஒரு நாளைய கழிவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். மீனும் தீவனமும் அதேதான், மாறியது தண்ணீரின் அளவு ஒன்றே.

அடுத்தது காற்று. தண்ணீருக்குள் பிராணவாயு இறங்குவது மேற்பரப்பின் வழியாக. ஆகவே ஆழத்தைவிட மேற்பரப்பின் பரப்பளவு முக்கியம். குடுவையைக் கழுத்து வரை நிரப்பி, வாய் ஆறு அங்குலம் என்றால் மேற்பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம் உள்ள சாதாரணத் தொட்டியில் அது 288 சதுர அங்குலம். பத்து மடங்கு வித்தியாசம்.

இத்தாலியின் ரோம் நகராட்சி 2005ஆம் ஆண்டில் உருண்டைக் குடுவையில் தங்கமீன் வைப்பதற்கே தடை விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு மோன்சா என்ற இன்னொரு இத்தாலிய நகரமும் அவ்வாறே செய்தது. இது வெறும் ஆடம்பரக் கருணை அல்ல என்பதை மேலே உள்ள கணக்கே சொல்லும்.

நம் ஊர் வெயிலும் தங்கமீனும்

தங்கமீன் சீன தேசத்துக் கெண்டை இனம். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே குளங்களில் வளர்க்கத் தொடங்கி, பிறகு ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. அது குளிர்ந்த நீருக்கு உரிய மீன். 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சௌகரியம். நம் ஊரில் சித்திரை, வைகாசி மாதங்களில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். பழகிய மீன் அதையும் தாங்கும் என்றாலும், மூன்று சங்கடங்கள் ஒன்றாக வந்து சேருகின்றன.

முதலாவது, சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கரையும் இடத்தில், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். இரண்டாவது, சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்குத் தேவைப்படும் பிராணவாயு கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடுகிற நிலை. மூன்றாவது, அம்மோனியாவின் விஷத்தன்மை வெப்பத்தோடு ஏறுகிறது. காரத்தன்மை அளவு, அதாவது பி.எச்., 8 உள்ள தண்ணீரில் 20 டிகிரியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விஷ அம்மோனியா 30 டிகிரியில் இருக்கும். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் இந்தக் காரத்தன்மை உள்ளதே.

எனவே குளிர் நாட்டுப் புத்தகங்களில் சொல்லும் தொட்டி அளவு நமக்குக் குறைந்தபட்ச அளவு. அதிலிருந்து குறைப்பதற்கு இடமில்லை.

எந்த அளவுத் தொட்டிக்கு எத்தனை மீன்?

தொட்டியின் கொள்ளளவைக் கண்டுபிடிப்பது சுலபம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61 ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். மேலே இடைவெளி விடுவதாலும் அடியில் கல் போடுவதாலும் அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஒராண்டா, ரியூகின், பிளாக் மூர் போன்ற குண்டு உடல் தங்கமீன்களுக்கு வழக்கில் உள்ள கணக்கு இது: முதல் மீனுக்கு 75 லிட்டர், அதன் பிறகு ஒவ்வொரு மீனுக்கும் 40 லிட்டர். இதன்படி நம் சந்தையில் கிடைக்கும் தொட்டிகளைப் பார்ப்போம்.

18 × 10 × 12 அங்குலம்: நிற்கும் தண்ணீர் சுமார் 32 லிட்டர். தங்கமீனுக்கு உரியதல்ல.

24 × 12 × 15 அங்குலம்: சுமார் 64 லிட்டர். குட்டி மீன் ஒன்றுக்கு, அதுவும் தொடக்கத்துக்கு மட்டும்.

36 × 15 × 18 அங்குலம்: சுமார் 143 லிட்டர். இரண்டு மீன்.

48 × 18 × 18 அங்குலம்: சுமார் 230 லிட்டர். நான்கு மீன்.

48 × 24 × 24 அங்குலம்: சுமார் 408 லிட்டர். ஒன்பது மீன்.

"இரண்டு அங்குல மீனுக்கு இவ்வளவு தண்ணீரா?" என்ற கேள்வி வரும். வாங்கும்போது இரண்டு அங்குலம்தான். குண்டு ரகங்கள் ஆறு, ஏழு அங்குலம் வரை வளரும். நீண்ட உடல் உள்ள சாதாரணத் தங்கமீனும் காமெட் ரகமும் நல்ல இடம் கிடைத்தால் ஓர் அடியையும் எட்டக்கூடியவை. வேகமாக நீந்தும் இந்த ரகங்களுக்கு நான்கு அடித் தொட்டிகூடக் குறைவு. சிமெண்டுத் தொட்டியோ தோட்டத்துக் குளமோதான் சரி.

"தொட்டியின் அளவுக்குத் தகுந்தபடிதான் மீன் வளரும்" என்று கடைகளில் சொல்லப்படுவதுண்டு. சிறிய தொட்டியில் வளர்ச்சி தடைப்படுவது உண்மைதான். ஆனால் அது மோசமான தண்ணீரால் ஏற்பட்ட குறைபாடு. அந்த மீன் சிறியதாகவே வாழ்வதில்லை, சீக்கிரம் சாகிறது.

வாஸ்து நம்பிக்கையால் எட்டுச் சிவப்பு மீனும் ஒரு கறுப்பு மீனும் வைக்க விரும்பும் உறுப்பினர்கள் பலர் உண்டு. நம்பிக்கையைக் குறை சொல்வது நமது நோக்கமல்ல. ஆனால் ஒன்பது தங்கமீன் என்றால் 395 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். இரண்டு அடித் தொட்டியில் ஒன்பது மீனை அடைத்துவிட்டு, மாதம் இரண்டு செத்து, மாதம் இரண்டு வாங்கிப் போடுவது எந்தச் சாஸ்திரத்துக்கும் உடன்பாடாக இராது.

தொட்டி வைக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மூன்று அடித் தொட்டி கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 200 கிலோவை நெருங்கும். பிளைவுட் ஷோகேஸின் மேல் அதை வைக்கக்கூடாது. இரும்பு ஸ்டாண்டு போட்டு, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் விரித்து வைப்பதே பாதுகாப்பு. நேரடி வெயில் படும் வாசல் பக்கமும் வேண்டாம்.

புதுத் தொட்டியின் முதல் ஆறு வாரம்

பாத்திரம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. கழிவைத் தீர்க்கும் ஏற்பாடும் வேண்டும். அந்த வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் மீனுக்கு விஷமே. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இவை பில்டரின் பஞ்சிலும் அடிக்கல்லிலும் ஒட்டி வளர்கின்றன. புதுத் தொட்டியில் இவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதிதாகத் தொட்டி வைத்தவர்களுக்கு முதல் மாதத்தில் மீன் சாவதன் ரகசியம் இதுதான்.

இதற்கு வழி எளியது. முதலில் ஒரு மீனோடு தொடங்குங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியின் பில்டர் பஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் போடுங்கள். பழைய தொட்டியில் நோய் இல்லை என்று தெரிந்தால் மட்டும் வாங்க வேண்டும். முதல் ஆறு வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அம்மோனியா பார்க்கும் சோதனைப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. அது காட்டும் அளவு பூஜ்யத்தில் நிற்கும்வரை அடுத்த மீனை வாங்க வேண்டாம்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் மாற்றினால் போதும். நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, மாதம் ஒருமுறை மீனை வாளியில் எடுத்துப் போட்டுவிட்டு, முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் பஞ்சையும் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்ப்பது. தொட்டி பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் நுண்ணுயிர்கள் அனைத்தும் போய், அது மறுபடியும் புதுத் தொட்டியாகிவிடும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து போட்டால் போதும். நோய் எதுவும் இல்லாதபோது நீல மருந்தை வழக்கமாக ஊற்றுவதும் வேண்டாம். அதுவும் இந்த நுண்ணுயிர்களைப் பாதிக்கும்.

புதுத் தண்ணீர் குழாய்த் தண்ணீராக இருந்தால் அதில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து, காற்றுக் குழாயை ஓடவிட்டு, ஒரு நாள் வைத்திருந்து ஊற்றலாம். அவசரமென்றால் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து போடலாம். ஆழ்துளைத் தண்ணீரில் குளோரின் இல்லாவிட்டாலும் பிராணவாயு குறைவாக இருக்கும். அதையும் சில மணி நேரம் காற்று ஓடவிட்டே ஊற்ற வேண்டும்.

கடைத் தொட்டிக்கு உள்ள தனி ஆபத்துகள்

வீட்டுத் தொட்டிக்கு இல்லாத சில ஆபத்துகள் கடைத் தொட்டிக்கு உண்டு. அவற்றில் முதலாவது நம் நல்ல பழக்கம் ஒன்றினால் வருவது. இரவு கடையைச் சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறோம். விளக்கோடு ஏர் பம்பும் பில்டரும் நின்றுவிடுகின்றன. இரவு பத்து மணி முதல் காலை பத்து மணி வரை, ஷட்டர் போட்ட புழுக்கமான அறையில், காற்றில்லாத தண்ணீரில் மீன் கிடக்கிறது. பஞ்சில் உள்ள நுண்ணுயிர்களுக்கும் பிராணவாயு இல்லை.

எங்கள் கடையிலேயே இது நடந்தது. பொங்கலுக்கு மூன்று நாள் கடையடைத்துத் திரும்பியபோது தொட்டியில் இருந்த ஐந்து மீனும் மிதந்தன. தீவனம் போடாததால் செத்தன என்று வேலையாட்கள் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். அடுத்து வாங்கிய மீனும் ஆயுத பூஜை விடுமுறையில் அப்படியே போன பிறகுதான் மெயின் சுவிட்சின் மேல் சந்தேகம் வந்தது. வளர்ந்த, ஆரோக்கியமான தங்கமீன் சில நாள் தீவனமில்லாமல் இருக்கும். காற்றில்லாமல் இருக்காது. ஆகவே எலெக்ட்ரீஷியனை அழைத்து, ஏர் பம்புக்கு மட்டும் மெயினுக்கு முன்னாலிருந்து பாதுகாப்பான தனி இணைப்போ, இன்வெர்ட்டர் இணைப்போ கொடுக்கச் செய்யுங்கள். மின்சாரம் தடைப்பட்டால் தானே ஓடத் தொடங்கும் பாட்டரி பம்புகளும் கிடைக்கின்றன. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். இல்லையேல் பம்பு நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிவிடும்.

இரண்டாவது, புகை. மாலையில் கடைக்குச் சாம்பிராணி போடுகிறோம், கொசுவர்த்தி ஏற்றுகிறோம், பூச்சி மருந்து அடிக்கிறோம். ஏர் பம்பு அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும் இயந்திரம். பூச்சி மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு வகை இரசாயனங்கள் மீனுக்குக் கடும் விஷம். மருந்து அடிக்கும் நாளில் பம்பை நிறுத்தித் தொட்டியை மூடிவைத்து, அறை காற்றோட்டமான பிறகு திறந்து ஓடவிட வேண்டும்.

மூன்றாவது, தீவனம். முதலாளி ஒரு சிட்டிகை, கணக்குப்பிள்ளை ஒரு சிட்டிகை, வாடிக்கையாளரின் குழந்தை ஒரு கைப்பிடி என்று போட்டால், எந்தத் தொட்டியும் தாங்காது. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செரிக்கும். ஆனால் போடப் போடத் தின்ன வரும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளைக்கு இரண்டு முறை, ஒரே ஒருவர் கையால் என்று வழக்கப்படுத்த வேண்டும். தீவன டப்பாவைத் தொட்டியின் மேலே வைக்காமல் கல்லாப்பெட்டிக்குள் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கோடையில் தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி ஒரு சிறிய மின்விசிறியைத் திருப்பி வைத்தால் தண்ணீர் ஆவியாகி, இரண்டு மூன்று டிகிரி வரை குறையும். குறைகிற தண்ணீரை அன்றன்று ஊற்றிவர வேண்டும்.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீனைத் தங்கமீனோடு சேர்க்க வேண்டாம். அது தங்கமீனின் உடலில் ஒட்டிக்கொண்டு மேல் பசையைச் சுரண்டும். ஓர் அடிக்கு மேலும் வளரும். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுவது அதைவிடப் பெரிய தவறு. நம் நீர்நிலைகளில் அது பெருகி, நாட்டு மீன்களுக்கும் மீனவர் வலைகளுக்கும் தொல்லையாகியிருக்கிறது.

விற்பவர்களுக்கு

மீன் விற்கும் உறுப்பினர்கள், "எத்தனை மீன் வேண்டும்?" என்று கேட்பதற்கு முன், "எத்தனை லிட்டர் தொட்டி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். இடம் இல்லாதவரிடம், "உங்கள் தொட்டிக்குத் தங்கமீன் சரிவராது" என்று சொல்லி, பில்டர் வைத்த சிறு தொட்டியில் வாழக்கூடிய கப்பி போன்ற சின்ன மீன்களைக் காட்டுங்கள். புதிதாகத் தொட்டி வாங்குபவருக்கு முதல் நாளில் ஒரே மீனைக் கொடுத்து, ஆறு வாரம் கழித்து அடுத்ததற்கு வரச் சொல்லுங்கள். அன்றைய விற்பனை குறைவதுபோல் தோன்றும். ஆனால் மீன் உயிரோடு இருக்கும் வீட்டுக்குத்தான் தீவனம், பஞ்சு, மருந்து, பெரிய தொட்டி எல்லாம் மேற்கொண்டு விற்க முடியும்.

பையில் எடுத்துச் செல்லும் மீனைப் பதினைந்து இருபது நிமிடம் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பிறகு விட வேண்டும் என்பதையும், மேலே சொன்ன லிட்டர் கணக்கையும் ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுக் கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை. கடைப் பெயரும் அதில் இருக்கும்.

பிரிட்டனில் 1956ஆம் ஆண்டு ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் 1999 வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்து கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. அது அபூர்வம்தான். ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகள் என்பது நல்ல தண்ணீரில் வாழும் தங்கமீனுக்கு எட்டக்கூடிய வயது. இன்று நம்மிடம் மீன் வாங்கிக்கொண்டு போகும் குழந்தை, கல்லூரிக்குப் போகும்வரை அது கூட இருக்கலாம். அல்லது பத்தே நாளில் போய்விடலாம். எத்தனை லிட்டர் என்ற ஒரு கேள்வியை நாம் கேட்கிறோமா இல்லையா என்பதைப் பொறுத்தது அது.